ரெண்டு பேப்பர் படிச்சா உண்மை கிடைச்சிடுமா? காவிரிப் பத்திகளில் விட்டுப்போகும் மூன்றாவது பாதி

தஞ்சாவூர், பாபநாசம், மன்னார்குடி பக்கம் எந்த டீக்கடைக்குப் போனாலும் பெஞ்சில் ரெண்டு மூணு பேப்பர் கிடக்கும். ஒருவர் ஒன்றைப் பிரித்ததுமே பக்கத்தில் இருப்பவர், "அது அவங்க பேப்பர்ப்பா, அப்படித்தான் போடுவான்" என்பார். இன்னொருவர், "அதான் நான் எதிரும் புதிருமா ரெண்டையும் படிச்சுடுவேன். நடுவுல இருக்கறதுதான் உண்மை" என்பார். டெல்டாவில் பத்திரிகை படிக்கத் தெரிந்தவர்களுக்கெல்லாம் இது ஒரு பாடமாகவே ஆகிவிட்டது.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு சிக்கல் உண்டு. இரண்டு பத்திரிகைகளும் ஒரே விஷயத்தை விட்டுவிட்டால், நடுவில் தேடி என்ன கிடைக்கும்?

இதைச் சும்மா படிப்பாளிகளின் கவலை என்று ஒதுக்க முடியாது. ஜூன் மாதம் வந்தால் டெல்டா விவசாயி பேப்பரைத்தான் பார்க்கிறார். மேட்டூர் திறக்குமா, நாற்றங்கால் விடலாமா, நகையை வைத்து விதைநெல் வாங்கலாமா என்பதெல்லாம் அவர் படிக்கும் நாலு வரியில் பாதி முடிவாகிவிடுகிறது. 2023-ல் ஜூன் 12 அன்று வழக்கப்படி மேட்டூர் திறந்தது. குறுவை போட்டார்கள். பிறகு தண்ணீர் போதாமல் பயிர் காய்ந்தது. அக்டோபர் 10-ம் தேதி அணை மூடப்பட்டது. அந்த மாதிரி ஒரு வருஷத்தில், நம்பிக்கை ஊட்டும் பத்தியும் பயமுறுத்தும் பத்தியும் ஒரே அளவு விலை கேட்கும். அந்த விலையைக் கொடுப்பவர் வாசகர்.

பக்கம் எடுப்பது குற்றமா?

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடலாம். பத்தி எழுதுபவர் பக்கம் எடுக்கக் கூடாது என்று எந்தத் தொழில்நெறியும் சொல்லவில்லை. செய்தி வேறு, கருத்து வேறு. கருத்து எழுதும் இடத்தில் கருத்து இருக்கத்தான் செய்யும்.

தமிழ்ப் பத்திரிகை வரலாற்றில் டெல்டாக்காரர்களின் பங்கைப் பார்த்தாலே இது புரியும். திருவையாற்றில் பிறந்த ஜி. சுப்பிரமணிய ஐயர் 1878-ல் 'தி இந்து'வைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர். 1882-ல் 'சுதேசமித்திரன்' தொடங்கினார். சமூகச் சீர்திருத்தத்தில் அவர் நடுநிலை வகிக்கவில்லை. விதவை மறுமணத்துக்கு ஆதரவாக எழுதியதோடு நிற்காமல், விதவையான தன் மகளுக்கே 1889-ல் மறுமணம் செய்துவைத்தார். 1908-ல் சுதேசமித்திரன் கட்டுரைகளுக்காக ராஜத்துரோக வழக்கில் கைதும் ஆனார். அவர் எந்தப் பக்கம் என்று படித்தவர்கள் யாருக்கும் சந்தேகமே இருந்ததில்லை.

அதேபோல 'முரசொலி'. 1942 ஆகஸ்ட் 10 அன்று திருவாரூரில் துண்டுப் பிரசுரமாக மு. கருணாநிதி தொடங்கியது. பிற்காலத்தில் அதில் வந்த 'உடன்பிறப்பே' கடிதங்களைப் படித்தவர் யாரும், இதை எழுதுபவர் எந்தக் கட்சி என்று மண்டையை உடைத்துக்கொண்டதில்லை. 'ஜனசக்தி', 'தீக்கதிர்', 'விடுதலை', 'நமது அம்மா' எல்லாமே இப்படித்தான். முகப்பிலேயே கொடி பறக்கிறது. வாசகர் அதைக் கழித்துவிட்டுப் படித்துக்கொள்வார்.

பிரச்சினை, கொடி தெரியாத இடத்தில்தான். 'பொது நாளிதழ்' என்ற பெயரில், உள்ளூர்ப் பக்கத்தில், 'டெல்டா நிலவரம்' என்ற தலைப்பில் வரும் பத்தியில் பாதிக் கணக்கு மட்டும் இருந்தால், அதைக் கழித்துப் படிக்க வாசகருக்கு வழியே இல்லை. சாய்வு வேறு, தப்பு வேறு. தெரிந்த சாய்வோடு வாசகர் வாழ்ந்துவிடுவார். சொல்லாமல் விட்ட தகவல்தான் அவரை ஏமாற்றுகிறது.

1974: இரு தரப்பும் பாதியில் நிறுத்தும் கதை

காவிரிப் பத்திகளில் திரும்பத் திரும்ப வரும் வாதம் ஒன்று உண்டு. சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் 1924 பிப்ரவரி 18-ல் போட்ட ஒப்பந்தம் 50 ஆண்டுக்கானது. 1974-ல் முடிந்தபோது அன்றைய திமுக அரசு புதுப்பிக்காமல் விட்டுவிட்டது என்று ஒரு தரப்பு எழுதும். ஒப்பந்தம் காலாவதி ஆகவே இல்லை, 50 ஆண்டுக்குப் பிறகு சில பிரிவுகளை மறுபரிசீலனை செய்யலாம் என்றுதான் அதில் இருக்கிறது என்று மறுதரப்பு எழுதும்.

மறுபரிசீலனைப் பிரிவு இருப்பது உண்மை. ஆனால் 2018 பிப்ரவரி 16 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், 1924 ஒப்பந்தத்தின் காலம் 1974-ல் முடிந்துவிட்டது என்றே எடுத்துக்கொண்டது. அதே தீர்ப்பு, பழைய ஒப்பந்தங்கள் ஒருதலைப்பட்சமானவை, செல்லாதவை என்ற கர்நாடகத்தின் வாதத்தையும் ஏற்கவில்லை. இரண்டு தரப்புப் பத்திகளிலும் இந்தத் தீர்ப்பில் தங்களுக்குத் தோதான வரி மட்டும் இருக்கும். மற்ற வரி இருக்காது.

'புதுப்பிக்கவில்லை' என்பதிலும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். இரண்டு மாநிலங்கள் சேர்ந்து போட்ட ஒப்பந்தத்தை ஒரு மாநிலம் மட்டும் கையெழுத்துப் போட்டுப் புதுப்பிக்க முடியுமா? மறுபக்கம், 1971-ல் உச்ச நீதிமன்றத்தில் தமிழ்நாடு போட்ட வழக்கை அடுத்த ஆண்டே திரும்பப் பெற்றது ஏன் என்ற கேள்வியையும் தாண்டிப் போக முடியாது. பேச்சுவார்த்தைக்கு வழிவிடத்தான் என்று ஒரு பதில் உண்டு. அது சரியான முடிவா என்று விவாதிக்கலாம். ஆனால் வழக்கு, வாபஸ், பேச்சுவார்த்தை மூன்றையும் சேர்த்துச் சொன்ன பிறகுதான் அந்த விவாதமே தொடங்க முடியும்.

1983: இருவருமே மறந்த ஆள்

'நடுவில்தான் உண்மை' என்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. காவிரி நடுவர் மன்றம் யாரால் வந்தது? பத்தியைப் பொறுத்துப் பதில் மாறும். 1986-ல் மத்திய அரசிடம் முறைப்படி கேட்டது எம்.ஜி.ஆர். அரசு என்று ஒன்று. 1990-ல் கருணாநிதி முதல்வராக இருந்தபோது வி.பி. சிங் அரசு அமைத்தது என்று இன்னொன்று. 2007 இறுதித் தீர்ப்பை 2013 பிப்ரவரி 19-ல் அரசிதழில் வரவைத்தது ஜெயலலிதா என்று மூன்றாவது. மூன்றுமே நடந்தவைதான். எதுவும் பொய்யில்லை.

ஆனால் இந்த மூன்றையும் சேர்த்துப் படித்தாலும் ஒரு ஆள் வரமாட்டார். 1983-ல் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது எந்தக் கட்சியும் இல்லை. டெல்டா விவசாயிகளின் சங்கம். தமிழ்நாடு காவிரி நீர்ப்பாசன விளைபொருள்கள் விவசாயிகள் நல உரிமைப் பாதுகாப்புச் சங்கம் என்று நீளமான பெயர். மன்னார்குடி எஸ். ரங்கநாதன் போன்றவர்கள் அதை நடத்தினார்கள். நடுவர் மன்றம் அமைக்கக் கேட்ட அந்த ரிட் மனு மீதுதான் 1990 மே 4-ல் உச்ச நீதிமன்றம், ஒரு மாதத்துக்குள் மன்றத்தை அமைக்க மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. ஜூன் 2-ம் தேதி மன்றம் வந்தது. தமிழக அரசும் அந்த மனுவை ஆதரித்தது. ஆனால் வழக்கின் பெயரில் முதலில் இருப்பது விவசாயிதான்.

தலைவர்களுக்குள் பெருமையைப் பங்கு பிரிக்கும் பத்திகளில் இந்தச் சங்கம் காணாமல் போகிறது. எதிரும் புதிருமாகப் பத்து பேப்பர் படித்தாலும் சங்கதி அதுதான். ஒரு கட்சிக்கு மறுப்பு சொல்ல இன்னொரு கட்சி இருக்கிறது. எந்தக் கட்சிக்கும் உதவாத தகவலை எடுத்துச் சொல்ல யாரும் இல்லை. இதைத்தான் மூன்றாவது பாதி என்று சொல்லலாம். பாதி மூன்று இருக்காது என்று கணக்கு வாத்தியார் திட்டுவார், டெல்டாவில் இருக்கிறது.

ஒரே தண்ணீர், பல கணக்கு

வரலாறு போகட்டும். அன்றாடத் தண்ணீர்க் கணக்குக்கு வருவோம். பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய ஆண்டு அளவு, 2007 தீர்ப்பில் 192 டிஎம்சி. 2018-ல் அது 177.25 டிஎம்சி ஆனது. 14.75 டிஎம்சி குறைந்தது. 1991 இடைக்கால உத்தரவில் சொன்ன 205 டிஎம்சி, மேட்டூருக்கு வர வேண்டிய அளவு. அளக்கும் இடமே வேறு. இதைச் சொல்லாமல் 205-க்குப் பக்கத்தில் 177.25-ஐ வைத்தால் இழப்பு பெரிதாகத் தெரியும். 205-ஐயும் 192-ஐயும் சொல்லாமல் 177.25-ஐ மட்டும் வைத்தால் இழப்பே தெரியாது.

இன்னொரு வித்தை, மாதக் கணக்கை ஆண்டுக் கணக்கில் கரைப்பது. தீர்ப்பின்படி ஜூனில் 9.19 டிஎம்சி, ஜூலையில் 31.24 டிஎம்சி வர வேண்டும். ஜூனில் 5 டிஎம்சி குறைந்தால், ஆண்டு அளவில் அது மூன்று சதவீதம்கூட இல்லை. ஆனால் அந்த மாதப் பங்கில் பாதிக்கு மேல் போய்விட்டது. நாற்றங்காலுக்கு ஜூன் தண்ணீர்தான் வேண்டும். டிசம்பரில் வரும் தண்ணீரை வைத்து ஜூனில் விதைக்க முடியாது.

அலகிலும் விளையாடலாம். ஒரு நாள் முழுக்க விநாடிக்கு 11,574 கன அடி ஓடினால்தான் ஒரு டிஎம்சி. '10,000 கன அடி திறப்பு' என்று போட்டால் வெள்ளம் மாதிரி இருக்கும். '0.86 டிஎம்சி' என்று போட்டால் சொட்டு மாதிரி இருக்கும். இரண்டும் ஒன்றுதான். எதைப் போடுவது என்பது எழுதுபவர் மனசைப் பொறுத்தது. இரண்டையும் போட்டால் வாசகர் தானே முடிவு செய்துகொள்வார்.

2024-ல் ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்கவில்லை. ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். மாநில அரசின் தோல்வி என்று ஒரு பத்தி எழுதலாம், கர்நாடகத்தின் பிடிவாதம் என்று ஒரு பத்தி எழுதலாம். ஜூனில் 120 அடி அணையில் தண்ணீர் பாதி உயரம்கூட இல்லை என்ற வரி இரண்டிலும் இருக்க வேண்டும். அது இல்லாத பத்தியை வைத்து விவசாயி ஒன்றும் செய்ய முடியாது.

அணை திறந்துவிட்டாலும் கதை முடியவில்லை. மேட்டூர்த் தண்ணீர் கல்லணைக்கு வரவே மூன்று நான்கு நாள் ஆகும். கடைமடைக்குப் போக இன்னும் எத்தனையோ நாள். ஆளுங்கட்சிப் பக்கம் சாய்ந்த பத்தியில் கல்லணையில் பூத்தூவும் படம் இருக்கும். எதிர்க்கட்சிப் பக்கம் சாய்ந்ததில் 'தூர்வாரவில்லை' என்ற புகார் இருக்கும். எந்த வாய்க்காலில், எந்த ஊர் வரை, எந்தத் தேதியில் தண்ணீர் போய்ச் சேர்ந்தது? உள்ளூர்ப் பத்தி என்று ஒன்று இருப்பதே இதைச் சொல்லத்தான். சென்னையில் உட்கார்ந்து இதை எழுத முடியாது.

அறிவிப்பு ஒன்று, சட்டம் ஒன்று

தண்ணீர் மட்டுமல்ல, நிலத்தைப் பற்றிய பத்திகளிலும் இதே கதைதான். மீத்தேன் திட்டத்தில், 2011 ஜனவரியில் நிறுவனத்தோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது அன்றைய திமுக மாநில அரசு. அதற்கு முன் 2010-ல் அந்த நிலப்பகுதியை நிறுவனத்துக்கு ஒதுக்கியது மத்திய அரசு. 2013-ல் திட்டத்தை நிறுத்திவைத்தது அதிமுக அரசு. யாரைத் திட்ட வேண்டும் என்று முடிவுசெய்துவிட்டு எழுதும் பத்தியில் இந்த மூன்றில் ஒன்றோ இரண்டோ காணாமல் போகும்.

2020 பிப்ரவரி 9-ல் முதல்வர் எடப்பாடி பழனிசாமி, டெல்டா பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலம் ஆகும் என்று அறிவித்தார். அந்த மாதமே சட்டமும் வந்தது. 'டெல்டாவைக் காத்த சட்டம்' என்று கொண்டாடியவர்கள் உண்டு. 'வெறும் கண்துடைப்பு' என்று ஒதுக்கியவர்களும் உண்டு. சட்டத்தை எடுத்துப் படித்தால் இரண்டுமே முழுசாகச் சரியில்லை. புதிதாக எண்ணெய், எரிவாயு எடுப்பதற்கு அது தடை போட்டது. அது பெரிய விஷயம். ஆனால் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் திட்டங்களைத் தொடவில்லை. அறிவிப்பில் பேசப்பட்ட திருச்சி, அரியலூர், கரூர் பகுதிகள் சட்டத்தில் இல்லை. சில பக்கச் சட்டம் அது. கதிராமங்கலத்தில் 2017-ல் எண்ணெய்க் குழாய் கசிந்ததைக் கண்ணால் பார்த்தவருக்கு, 'ஏற்கெனவே உள்ளவை தொடரும்' என்ற வரிதான் முக்கியம். பாராட்டுக்கும் வசைக்கும் நடுவில் அந்த வரி கிடைக்காது. சட்டத்தைப் படித்தால்தான் கிடைக்கும்.

கட்சிச் சாய்வு மட்டும்தானா?

டெல்டாவில் சாய்வு என்றதும் கட்சிதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் இங்கே மிகப் பெரிய சாய்வு, நிலம் இருப்பவர் பக்கமும் சாதிப் பக்கமும் இருந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 தலித் மக்கள் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். கூலி உயர்வுப் போராட்டத்தின் பின்னணியில் நடந்தது அது. அன்றைய செய்திகள் சில, அதை இரு தரப்பு விவசாயிகளின் மோதல் போலவே எழுதின. 'மோதல்' என்ற ஒரு சொல், இரண்டு பக்கமும் சமம் என்று காட்டிவிடுகிறது. பார்வைக்கு நடுநிலை. உண்மையில் அதைவிடச் சாய்ந்த சொல் இல்லை.

இப்போதும் 'விவசாயி' என்று பத்தி எழுதும்போது நிலச் சொந்தக்காரர் மட்டும் வருகிறாரா, குத்தகைக்காரரும் நடவு ஆளும் வருகிறாரா என்று பார்க்கலாம். தண்ணீர் வராத வருஷம் நிலம் உள்ளவருக்கு நிவாரணம் பற்றி எழுத ஆள் உண்டு. வேலை இல்லாமல் போன நடவு ஆளைப் பற்றி எத்தனை வரி?

எழுதுபவர் நிலைமை

எல்லாப் பழியையும் உள்ளூர் நிருபர் தலையில் போடுவது நியாயமில்லை. பல பத்திரிகைகளில் தாலுகா நிருபர் பகுதிநேர ஆள். சொற்பத் தொகைதான் வரும். அவரே விளம்பரமும் பிடித்துத் தர வேண்டும். காலையில் ஒன்றியச் செயலாளரிடம் பிறந்தநாள் வாழ்த்து விளம்பரம் கேட்டவர், மாலையில் அவருடைய மணல் விவகாரத்தை எப்படி எழுதுவார்? பத்திரிகைக்கோ அரசு விளம்பரமும் வேண்டியிருக்கிறது. ஆபத்தும் உண்டு. 2007 மே 9 அன்று மதுரையில் கருத்துக்கணிப்பு வெளியிட்டதற்காக 'தினகரன்' அலுவலகம் தாக்கப்பட்டபோது உயிரிழந்தது மூன்று சாதாரண ஊழியர்கள்.

கேட்க வேண்டிய அமைப்புக்கும் பல் கிடையாது. இந்தியப் பத்திரிகை கவுன்சில் 1978 சட்டப்படி எச்சரிக்கலாம், கண்டிக்கலாம். அபராதம் போட முடியாது. காசு வாங்கிக்கொண்டு செய்தி போடுவது பற்றி 2010-ல் கவுன்சிலே அறிக்கை தந்தது. அடுத்த ஆண்டு உத்தரப் பிரதேசத்தில் ஒரு எம்எல்ஏ, அப்படிச் செய்தி போடக் கொடுத்த பணத்தைத் தேர்தல் செலவுக் கணக்கில் காட்டாததற்காகப் பதவி இழந்தார். தண்டனை அரசியல்வாதிக்கு. பணம் வாங்கிய பக்கத்துக்குக் கண்டனம் மட்டும்தான்.

அப்போ எதுதான் தரம்?

கவுன்சிலின் நெறிமுறைகளையும் டெல்டாவின் தேவையையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு காவிரிப் பத்தியிடம் ஐந்து விஷயம் கேட்கலாம். ஒன்று, இது செய்தியா கருத்தா என்று மேலேயே போட்டிருக்கிறதா? இரண்டு, எண் சொன்னால் எந்தத் தேதி, எந்த இடம், மாதமா ஆண்டா என்று இருக்கிறதா? மூன்று, குற்றம் சாட்டப்பட்டவரின் பதிலை அவர் வாயாலேயே சொல்ல விட்டிருக்கிறதா? நான்கு, எழுதுபவருக்குக் கட்சிப் பொறுப்போ வேறு தொடர்போ இருந்தால் சொல்லியிருக்கிறதா? ஐந்து, தப்பு வந்தால் திருத்தம் அதே பக்கத்தில், கண்ணில் படுகிற மாதிரி வருகிறதா? முதல் பக்கத்தில் தப்பு, பத்தாம் பக்க மூலையில் வருத்தம் என்றால் அது திருத்தம் இல்லை.

இந்த ஐந்தும் இருந்தால், அந்தப் பத்தி எந்தக் கட்சியை ஆதரித்தாலும் வாசகருக்கு நஷ்டமில்லை. இதெல்லாம் செய்தால் பத்தியில் சூடு போய்விடும், யாரும் படிக்கமாட்டார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. சுப்பிரமணிய ஐயர் எழுத்தில் சூடு குறைந்ததாக அவரைக் கைதுசெய்த வெள்ளைக்கார அரசு நினைக்கவில்லை.

வாசகர் பக்கமும் ஒரு வேலை இருக்கிறது. 'இது யாருடைய பேப்பர்' என்று கேட்பதோடு நிறுத்திவிடாமல், 'இதில் யார் இல்லை' என்று கேட்க வேண்டும். 2003-ல் இரண்டு மாநில விவசாயிகளும் சேர்ந்து 'காவிரிக் குடும்பம்' என்று கூடினார்கள். இந்தப் பக்கத்து விவசாயி அந்தப் பக்கத்து வயலையும், அவர் இவர் வயலையும் நேரில் போய்ப் பார்த்தார்கள். தண்ணீர்த் தகராறு அதோடு தீர்ந்துவிடவில்லை. ஆனால் பேப்பரில் வராத ஒரு ஆளை நேரில் பார்த்தார்கள்.

நாளைக் காலையும் அந்த டீக்கடைப் பெஞ்சில் ரெண்டு பேப்பர் கிடக்கும். ரெண்டையும் படிக்கலாம், தப்பில்லை. படித்து முடித்துவிட்டு, நம்ம வாய்க்காலில் தண்ணீர் எந்தத் தேதிக்கு வரும் என்ற வரி எதிலாவது இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும். ரெண்டிலும் இல்லையென்றால் அந்த நிருபருக்கே ஒரு போன் போட்டுக் கேட்கலாம். அவர் அதே ஊர்க்காரர்தான். கேட்கிற ஆள் இருக்கிறார் என்று தெரிந்தால், அடுத்த வாரம் எழுதுவார்.